வீட்டு எண்: நவம்பர் இரண்டு

சென்னைக் கிளையில் ஃபைல் ஏற்றும் வேலைக்கு உங்களை எடுத்திருப்பதாக மௌமிதா சொன்னாள். "ராஜு தா, தமிழ்ல அவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்றாள். தா என்றால் கொல்கத்தாவில் அண்ணன். அவள் கேட்டதால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

கமாண்ட் எப்படி அடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். கறுப்புத் திரை. இந்தப் பக்கம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அந்தப் பக்கம் ஒரு டேபிள். ஒரு வரி அடித்து எண்டரைத் தட்டினால் ஃபைலில் இருப்பது டேபிளுக்குள் போகும். எங்காவது மாட்டினால் திரை திட்டும். திட்டினால் பிழைத்தீர்கள். திட்டாமல் உள்ளே விட்டதுதான் பிறகு நம்மைத் தேடி வரும்.

எனக்கு வேலை காட்டியவர் ஒரு வங்காளிப் பெரியவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்.

அப்போது ஒரு காஸ் ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் ஃபைல் ஏற்றிக்கொண்டிருந்தோம். நடுவில் லைன் அறுந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன் பதறிப்போய் மறுபடி முதலிலிருந்து ஏற்றிவிட்டான். பாதிப் பேர் இரண்டு தடவை ஏறிவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் போனில் கத்துகிறார். "ரெண்டு ரெண்டா இருக்கிறதுல ஒண்ணை அழிச்சுடலாம்" என்று எல்லோரும் சொன்னோம். அதற்கும் ஒரே வரி கமாண்ட்தான்.

பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "கையை எடுங்க" என்றார். எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தோம்.

"ஒரே வீட்டில அண்ணன் தம்பி இருக்க மாட்டாங்களா? ஒரே பேர், ஒரே விலாசம், ரெண்டு சிலிண்டர் இருக்காதா?" என்று கேட்டார்.

டீயைக் கீழே வைத்தார்.

"அழிச்சா அவங்களும் போவாங்க. அழிச்சதைத் தேடிப் பிடிக்க முடியாது. புது டேபிள்ல மறுபடி ஏத்துங்க. ஏஜென்சிக்காரர் கத்தட்டும். கத்தி முடிச்சப்புறம் டீ கொடுக்கலாம்."

அப்படியே செய்தோம். அன்றைக்கு முழுக்க ஏஜென்சிக்காரர் கத்தினார். மறுநாள் சரியாகிவிட்டது.

அந்தப் பெரியவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வந்த ஃபைலை நேராக உள் டேபிளில் ஏற்ற மாட்டார். முதலில் ஒரு தனி டேபிள். அதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். வந்தவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து முகத்தைப் பார்ப்பது போல. பார்த்த பிறகுதான் உள்ளே. இந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. அவ்வளவுதான் அவர் கதை.

இனி நான் சொல்ல வந்தது.

நம் நிறுவனம் இங்கே கொல்கத்தா நியூ டவுனில் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிட ஒரு பட்டன் கொடுக்கிறோம். வீட்டில் ஒரு பெட்டி வைக்கிறோம். பட்டனை அழுத்தினால் எங்கள் ஹாலில் மணி அடிக்கும். பெட்டி வழியாகப் பேசலாம். அவர்கள் பெயர், விலாசம், வியாதி எல்லாம் திரையில் வரும். அதைப் பார்த்து ஆம்புலன்ஸ் போகும். கொல்கத்தாவில் பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா இங்கே என்கிற வீடுகள் ஏராளம். அதனால் தொழில் நடக்கிறது.

பாலிகஞ்சில் இதே வேலையைச் சின்ன அளவில் ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. நடத்த முடியவில்லை. அவர்களிடம் பட்டன் வாங்கியவர்களை எல்லாம் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு மூடுவதாக ஏற்பாடு. துர்கா பூஜைக்கு முன்னால், பஞ்சமி அன்று மதியம், அவர்கள் லைன் எங்களுக்குத் திரும்பும். அதற்குள் அவர்கள் ஃபைலை நான் ஏற்றியாக வேண்டும். மதியத்துக்குப் பிறகு அவர்கள் ஆட்களில் யார் பட்டனை அழுத்தினாலும் மணி எங்களிடம்தான் அடிக்கும். விலாசம் எங்கள் டேபிளில் இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

ஃபைல் அன்று காலையில்தான் வந்தது. ஸ்டேஜிங்கில் ஏற்றினேன். ஒரு வரியும் தள்ளுபடி ஆகவில்லை. ஃபைலில் எத்தனை வரியோ டேபிளிலும் அத்தனை. திரை திட்டவில்லை.

பத்தி பத்தியாகப் பார்த்தேன். பெயர் சரி. போன் நம்பர் சரி. தெரு சரி. வீட்டு எண் பத்தியைத் தனியாக எடுத்தேன். அதில் மார்ச் ஐந்து என்று இருந்தது. கீழே ஜூன் எட்டு. அதற்குக் கீழே நவம்பர் இரண்டு.

உங்கள் ஊரில் இந்தச் சிக்கல் குறைவாக இருக்கலாம். இங்கே பழைய தெருக்களில் வீட்டு எண்ணே கோடு போட்டுத்தான் இருக்கும். ஐந்தாம் எண் மனையைப் பாகம் பிரித்தால் 5/1, 5/2, 5/3. பெங்காலியில் சொல்லும்போது ஐந்து பை இரண்டு என்பார்கள். கட்டம் கட்டமாகக் காட்டுமே, அந்த ஷீட்டில் ஃபைலைத் திறந்தால் அது இதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். யாரையும் கேட்காது. சேமித்தால் அப்படியே உறைந்துவிடும்.

நான் மௌமிதாவைக் கூப்பிட்டேன். அவள் அப்போது புரோகிராமர். சேர்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது. பார்த்தாள். நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"யாரோ திறந்து அழகு பண்ணியிருக்காங்க, ராஜு தா."

அப்போது எங்கள் தலைவியாக இருந்த சுதேஷ்ணா தீதி வந்தார். தீதி என்றால் அக்கா. பாலிகஞ்சுக்குப் போன் போட்டார். ஆமாம், திறந்தோம் என்றார்கள். ஏரியாப் பெயர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தன, உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒழுங்கு செய்தோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். பழைய ஃபைல்? அதன் மேலேயே சேமித்தாயிற்று. சர்வர்? வாடகை சர்வர், கணக்கை முடித்தாயிற்று.

தீதி போனை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மௌமிதா அதற்குள் ஒன்றைப் பிடித்திருந்தாள். கண்ணில் வெளிச்சம்.

"இங்க பாருங்க, 27/4. இது தேதியா மாறல. ஏன்? மாசத்தை முதல்ல படிக்கிற மெஷின். இருபத்தேழாம் மாசம்னு ஒண்ணு கிடையாது, அதனால விட்டுடுச்சு. அப்போ நவம்பர் ரெண்டுங்கிறது 11/2. எல்லாத்தையும் ஒரே கமாண்ட்ல திருப்பிடலாம்."

சரியான யோசனை. எனக்கு அது தோன்றியிருக்காது. தீதியின் முகம் தெளிந்தது. "போடு" என்றார்.

நான் ஒன்று கேட்டேன். "திறந்தது ஒரே மெஷினா?"

தீதி என்னைப் பார்த்தார். மறுபடி போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்தப் பக்கம் ஒரு அம்மாள். "ரெண்டு பேர் பண்ணோம். நான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. பாசு பாபு அவர் பையன் அமெரிக்காவிலேர்ந்து கொண்டுவந்த லேப்டாப்ல."

"எந்த வரி யார் பண்ணது?"

"அதெல்லாம் எப்படிச் சொல்றது? டீ குடிக்கப் போனா அவர் பார்ப்பார். அவர் போனா நான் பார்ப்பேன். மாத்தி மாத்தி."

அமெரிக்க லேப்டாப் மாதத்தை முதலில் படிக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர் நாளை முதலில் படிக்கும். நவம்பர் இரண்டு என்பது முன்னதில் செய்திருந்தால் 11/2. பின்னதில் செய்திருந்தால் 2/11. எந்த வரி எதில் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மௌமிதா உட்கார்ந்துவிட்டாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் மூன்று வழி இருந்தது. யூகித்து நிரப்பலாம், பாதி சரியாக இருக்கும். வந்தபடியே நவம்பர் இரண்டு என்று விடலாம், நம் மேல் பழி வராது. மூன்றாவது, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது.

"காலியா விடலாம், தீதி" என்றேன்.

"விலாசம் இல்லாம ஆம்புலன்ஸ் கம்பெனியா? சிரிப்பாங்க."

"ஒரு நம்பரைப் பார்த்தா டிரைவர் போயிடுவான். காலியைப் பார்த்தா கேட்பான்."

"யாரைக் கேட்பான்?"

"அது அப்புறம். கேட்பான்ல?"

தீதி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு சொன்னார், "சந்தேகமான வரி எல்லாத்துலயும் காலி. குறிப்புல எழுது, தெருவுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேள்னு. பொறுப்பு என்னோடது. இப்பவே உட்கார்ந்து ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கேளுங்க."

காலியாக்கி ஏற்றினேன். லைன் திரும்பியது. பூஜை என்பதால் பாதி ஹால் லீவு. இருந்தவர்கள் எல்லோரும், தீதி உட்பட, போனை எடுத்துக்கொண்டோம்.

வயதானவர்களிடம் வீட்டு எண் கேட்பது சுலபம் இல்லை. ஒருவர் என்னைத் திருடன் என்றார். ஒருவர் தன் மருமகளைப் பற்றிப் பேசினார். ஒரு தாத்தா, "நீ முதல்ல உன் விலாசத்தைச் சொல்லு" என்றார். சொன்னேன். பிறகுதான் அவருடையதைச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கட்டங்கள் நிரம்பின. சிலர் போனை எடுக்கவில்லை. அவர்களை ஓரமாக வைத்தோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடித்தது. பழைய கம்பெனி ஆட்களிடமிருந்து வந்த முதல் மணி. நான்தான் எடுத்தேன்.

திரையில் வந்தது: லலிதா, தனியாக இருக்கிறார், சர்க்கரை, இதயக் கோளாறு. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தின் பெயர். வீட்டு எண், காலி. சற்று முன் போன் எடுக்காதவர்களில் ஒருவர்.

"அம்மா, கேக்குதா?" என்றேன். பெங்காலியில் கேட்டேன். இந்தியில் கேட்டேன். பெயரைப் பார்த்துத் தமிழிலும் கேட்டேன்.

பதில் இல்லை. பெட்டியில் பூஜை மேளம் மட்டும் கேட்டது. பக்கத்தில் எங்கோ பந்தல். மைக்கில் ஒருவன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மனுஷக் குரல் வேறு எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் ஷம்பு. அவன் நல்லவேளையாக லேக் பக்கமே இருந்தான். கிளம்பிவிட்டான். தீதி லலிதாவின் மகனுக்குப் போன் போட்டார். அவர் இருந்த நாட்டில் அப்போது நடுராத்திரி. அடித்து அடித்து நின்றது.

ஷம்பு கூப்பிட்டான்.

"ராஜு தா, நம்பர் இல்ல. குறிப்புல கேளுன்னு போட்டிருக்கு. யாரை, துர்கா மாதாவையா?"

"எங்க நிக்கிற?"

"பெரிய ரோட்டில. சந்துக்கு ரெண்டு வாய். மார்க்கெட் பக்கம் ஒண்ணு, ஸ்கூல் பக்கம் ஒண்ணு. நடுவில பந்தல் போட்டு அடைச்சிருக்கான். ஒரு பக்கம் நுழைஞ்சா மறுபக்கம் போக முடியாது. வெளியே வந்து சுத்தணும். இந்த டிராஃபிக்ல சுத்தினா அடுத்த பூஜை வந்துடும். சீக்கிரம் சொல்லுங்க, எந்த வாய்?"

மேப்பில் பார்த்தோம். சந்தில் இரண்டாம் எண் மார்க்கெட் முனையில். பதினொன்று ஸ்கூல் முனையில். மௌமிதா என் பக்கத்தில் நின்றாள். காகிதத்தில் இரண்டையும் எழுதினாள். 11/2. 2/11. 11/2-க்குக் கீழே கோடு போட்டாள். அது மட்டும் மாறாமல் நின்றதே, அந்த 27/4, அது அதே ஏரியாவில் இருந்தது. பக்கத்து வரிகள். அதனால் அமெரிக்க லேப்டாப்பாக இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் வாயில் ஸ்கூல் பக்கம் என்று வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது.

காதில் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

"தெரியாது, ஷம்பு" என்றேன். "வண்டியை அங்கேயே நிறுத்து. இறங்கி ஓடு. பந்தல்ல கேளு. தனியா இருக்கிற தமிழ் அம்மா, பேர் லலிதா."

"தெரியாதா?"

"தெரியாது."

அவன் ஏதோ திட்டினான். எழுத முடியாது. கதவு அறையும் சத்தம் கேட்டது. ஓடினான். போன் கையில் இருந்தது. அவன் மூச்சு கேட்டது. இப்போது எனக்கு ஒரு காதில் அந்த அம்மாள் வீட்டுப் பெட்டி, ஒரு காதில் ஷம்பு. இரண்டிலும் ஒரே மேளம். பெட்டியில் தூரமாக, போனில் கிட்டத்தில்.

யாரோ போனை வாங்கினார்கள். "யாருங்க? நான் கிளப் செக்ரெட்டரி."

சொன்னேன்.

"ஓஹோ, மைக் மாமியா!" அவன் சிரித்தான். அவன் வங்காளி, ஆனால் மாமி என்றே சொன்னான். "காலையிலகூட வந்து கத்திட்டுப் போனாங்க. வருஷா வருஷம் இதே சண்டை. மைக்கை அவங்க ஜன்னல் பக்கம் திருப்பக் கூடாதாம். நேத்து எங்க ஒயரையே பிடுங்கிட்டாங்க. என்ன, போலீஸ்ல சொல்லிட்டாங்களா?"

"விழுந்திருக்காங்க. பதில் இல்ல."

சிரிப்பு நின்றது. போனை மூடாமல் கத்தினான். "மேளத்தை நிறுத்து! மைக்கை நிறுத்து! மாமி விழுந்துட்டாங்க!"

அது எனக்குப் பெட்டியில் கேட்டது. முதலில் மேளம் நின்றது. பிறகு மைக். பெட்டியில் ஒரு மின்விசிறி ஓடுவது அப்போதுதான் கேட்டது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"மார்க்கெட் பக்கம். ரெண்டு பை பதினொண்ணு. மாடி."

மௌமிதா காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

ஷம்புவை ஒருவன் வண்டிக்குத் திருப்பி அனுப்பினான், மார்க்கெட் வாய்க்கு எடுத்துவா என்று. மற்றவர்கள் ஓடினார்கள். பெட்டியில் படிக்கட்டில் கால் சத்தம். நிறையக் கால்கள். கதவைத் தோளால் முட்டும் சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை. தாழ்ப்பாள் உடைந்து விழுந்தது. உள்ளே கால்கள்.

அப்புறம் ஒரு குரல். பாத்ரூம் பக்கத்திலிருந்து, பலவீனமாக, ஆனால் கோபமாக. பெங்காலியில், தமிழ் ராகத்தோடு.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கடா!"

தீதி நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. மீதியையும் கேட்டேன்.

"மாமி, கால் அசையுதா?"

"மைக்கை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தியாச்சு, மாமி."

"அப்போ நான் விழுந்தது நல்லதுதான்."

இடுப்பு எலும்பு. குளிக்கப் போன இடத்தில் வழுக்கியிருக்கிறது. விழும்போது பட்டனை அழுத்திவிட்டு மயங்கியிருக்கிறார். அவர் கத்தியிருந்தாலும் அந்த மைக் சத்தத்தில் கீழே யாருக்கும் கேட்டிருக்காது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஷம்பு சொன்னான். அவன் அன்றைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மண்குவளை டீ வாங்கிக் கொடுத்தான்.

மௌமிதா பிறகு என்னிடம் கேட்டாள், "நீங்க எப்படி 11/2 இல்லைன்னு கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல. எனக்கும் 11/2-ன்னுதான் தோணிச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தோணிச்சு, அவ்வளவுதானே."

இப்போது அவள் தலைவியாக இருக்கும் பிரிவில் ஒரு வழக்கம் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஃபைல் கொடுப்பவரிடம் முதல் கேள்வி, இதை யார் யார் திறந்தார்கள், எந்தெந்த மெஷினில். அந்தக் கேள்வியை உங்கள் ஊர் ஆட்கள் சங்கடமாக நினைக்கலாம். கேளுங்கள். சங்கடம் நமக்குத்தானே.

இன்னொன்று. ஃபைலைக் கெடுத்த பாலிகஞ்ச் அம்மாளை யாரும் திட்டவில்லை. தீதி திட்ட விடவில்லை. திட்டியிருந்தால், ரெண்டு பேர் பண்ணோம் என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. நான் பண்ணவே இல்லை என்று சொல்லியிருப்பார். அது இல்லாமல் நாங்கள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு நிம்மதியாகப் பூஜை பார்க்கப் போயிருப்போம். ஷம்புவும் எதுவும் கேட்காமல் ஸ்கூல் பக்கம் நுழைந்திருப்பான்.

பூஜை முடிந்தது. காளி பூஜையும் முடிந்தது. நாங்கள் போன் போட்டுக் காலிக் கட்டங்களை முடித்தோம். போன் எடுக்காதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். கடைசியில் ஒரே ஒரு கட்டம் நின்றது. லலிதா மாமியுடையது.

"இது தெரிஞ்சதுதானே" என்றான் ஹாலில் ஒருவன். "ரெண்டு பை பதினொண்ணு. நம்ம வண்டியே போச்சு. போட்டுடுங்க, ராஜு தா."

ஃபைலோடும் பொருந்துகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்த வரி என்று வைத்தால் நவம்பர் இரண்டு 2/11தான். செக்ரெட்டரியும் சொன்னான். போட்டிருக்கலாம். ஆனால் மற்ற எல்லோரிடமும் கேட்டுத்தான் போட்டோம். ஒருவருக்கு மட்டும் வேறு வழி வேண்டாம் என்று பட்டது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் கூப்பிட்டேன்.

"யாரு?"

"பட்டன் கம்பெனிலேர்ந்து பேசறேன், மாமி. பேர் ராஜு."

"தமிழா நீ? அன்னிக்குப் பெட்டியில அம்மா அம்மான்னு கத்தினது நீதானா?"

"ஆமா, மாமி. கேட்டுச்சா?"

"எங்கேயோ கிணத்துக்குள்ள கேட்ட மாதிரி இருந்தது. எங்க ஆத்துக்காரர்தான் கூப்பிடறார்னு நெனைச்சேன். சரி, இன்னும் கொஞ்சம் படுத்துக்கலாம்னு இருந்துட்டேன்." சிரித்தார். இருமினார். "என்ன விஷயம்?"

"உங்க வீட்டு நம்பர் வேணும்."

அவர் குரல் ஏறியது.

"ஏண்டாப்பா, உங்க வண்டி என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, என்னை மூட்டை மாதிரி தூக்கிண்டு போச்சு. கதவை உடைச்சதுக்கு இன்னும் ஆசாரி வரலை. இப்போ வந்து வீடு எங்கேன்னு கேக்கறியா?"

"ஆமா, மாமி. நீங்க சொல்லித்தான் எழுதணும்."

"அந்த மைக் பசங்களைக் கேளேன். தினம் சூப் கொண்டுவந்து தரான்கள். வேண்டாம்னாலும் விடமாட்டேங்கறான்."

"அவங்க சொன்னாங்க. ரெண்டு பை பதினொண்ணுன்னு."

"தப்பு" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன்.

"ரெண்டு பை பதினொண்ணு கீழ் வீடு. என் மைத்துனர். பாகம் பிரிச்சப்போ மாடிக்குத் தனி நம்பர் வாங்கினோம். ரெண்டு பை பதினொண்ணு பை ஒண்ணு. வாசலும் வேற. பக்கவாட்டுச் சந்துல படி. அன்னிக்குப் பசங்களுக்குத் தெரியும், நேரா மாடிக்கு வந்துட்டான்கள். உன் வண்டிக்காரன் தனியா வந்து கீழே பெல் அடிச்சிருந்தா, மைத்துனர் திறக்க மாட்டார். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது. மாடியில யாரும் இல்லைன்னு சொல்லியிருப்பார்."

"பழைய கம்பெனிக்கு இதைச் சொல்லலையா, மாமி?"

"அவா கேக்கலை. என் பிள்ளை அமெரிக்காவிலேர்ந்து ஏதோ எழுதிக் கொடுத்தான். அவனுக்கு நாங்க பாகம் பிரிச்சதே ஞாபகம் இருக்குமோ என்னமோ."

"சரி, மாமி. பக்கவாட்டுப் படின்னும் எழுதிக்கறேன்."

"எழுதிக்கோ. மைத்துனர் பேச்சை எழுதாதே."

"எழுதலை, மாமி."

போனை வைத்தேன். கறுப்புத் திரையைத் திறந்தேன். ஒரே ஒரு வரி உள்ள ஃபைல். வீட்டு எண் 2/11/1. குறிப்பில், பக்கவாட்டுச் சந்து, மாடிப் படி. முதலில் ஸ்டேஜிங். பார்த்தேன். பிறகு உள்ளே.

ஒரு வரி ஏறியது என்று திரை சொன்னது. அது அவ்வளவுதான் சொல்லும்.